ஆடுகள் செத்த பிறகும் ஆடு வளர்ப்பில் நிம்மதி வருமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். சென்னை வேலையை விட்டுவிட்டு மனைவியோடு வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் மேட்டுக்காட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஆடி மாதம் பன்னிரண்டு பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கிப் பட்டி போட்டீர்கள். ஐப்பசியில் இன்னும் நாலு ஆடு சந்தையில் பிடித்து வந்து அன்றைக்கே உள்ளே விட்டீர்கள். அடுத்த பத்து நாளில் காய்ச்சல், மூக்குச் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று ஐந்து ஆடு போய்விட்டது. "இருப்பதை வைத்து நன்றியோடு வாழக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் வந்தோம். இப்போது காலையில் பட்டிப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. உங்களுக்கெல்லாம் எப்படி இத்தனை வருஷம் நம்பிக்கை விட்டுப்போகாமல் இருந்தது?" இதுதான் கேள்வி.

நன்றி, நம்பிக்கை எல்லாம் அப்புறம். முதலில் அந்த ஐந்தும் ஏன் செத்தன என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் செத்த ஆடு மனசை விட்டுப் போகாது. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, 'நீ என்ன பண்ணினாய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: ஆட்டுக்கொல்லி. டாக்டர்கள் பி.பி.ஆர். என்பார்கள். மூக்கு, கண், வாய், சாணம் என்று எல்லா வழியிலும் கிருமி வெளியே வரும். பக்கத்தில் நிற்கிற ஆட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். கிருமி உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் வர நாலைந்து நாள் ஆகும் என்பதால், சந்தையில் பார்க்கும்போது ஆடு நன்றாகத்தான் இருந்திருக்கும். உங்கள் கண்ணில் குறை இல்லை. ஆனால் இரண்டு தப்பு நடந்திருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் அடுத்த வருஷமும் இதே கதைதான். வாங்கி வந்த ஆட்டைக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், தனியாகக் கட்டிப்போட்டுப் பார்த்த பிறகே பட்டிக்குள் விட வேண்டும். தனித் தண்ணித்தொட்டி, தனித் தழை. இன்னொன்று தடுப்பூசி. ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷம் தாங்கும். அரசு கால்நடை மருத்துவமனையில் முகாம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயைப் பற்றி உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். இந்தியாவில் இதை முதன்முதலாக அடையாளம் கண்டது நம்ம தமிழ்நாட்டில்தான்; 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அரசூரில், செம்மறி ஆடுகளில். அதற்கு முன்னால் இது நம் பக்கம் வரவே இல்லையா, வந்தும் வேறு பெயரில் போய்விட்டதா என்பது வேறு விஷயம். அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த அதே கிருமியைத்தான் நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வளர்த்து, வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக மாற்றினார்கள். அந்த ஊசிக்குப் பெயரே 'அரசூர் 87'. எங்கேயோ ஒரு பட்டியில் ஒருத்தர் உங்களை மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் இல்லையா, அவருடைய ஆட்டிலிருந்து வந்தது அந்த மருந்து.

இதற்கு அண்ணன் முறை நோய் ஒன்று இருந்தது. வெக்கை நோய் என்பார்கள், மாட்டுக்கு வருவது. என் தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒரே வாரத்தில் கட்டுத்தரை காலியான கதை அவரிடம் இருந்தது. 2011-ல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் அப்படி ஒழித்துவிட வேண்டும் என்று உலக அளவில் குறி வைத்து வேலை நடக்கிறது. குறித்த வருஷத்தில் முடியுமோ முடியாதோ, அண்ணனை விரட்டியவர்களுக்குத் தம்பியை விரட்ட முடியாதா என்ன. என் பேரன் வெக்கை என்றால் வெயில் என்றுதான் நினைத்துக்கொள்கிறான்.

சரி, உங்கள் பட்டிக்கு வருவோம். பன்னிரண்டு ஆடு மிச்சம் இருக்கிறது. அதில் ஏழெட்டுக்குக் காய்ச்சல் வந்து, சளி ஒழுகி, பிறகு தேறியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்குச் சந்தோஷம் தந்த வரி அதுதான்; நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். ஆட்டுக்கொல்லி வந்து பிழைத்த ஆட்டுக்கு ஆயுசுக்கும் அது திரும்ப வராது. அதோடு விடவில்லை. ஆட்டுக்குட்டி வயிற்றுக்குள் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்பு எதுவும் அதற்குப் போவதில்லை, வெறுங்கையோடுதான் பிறக்கும். எல்லாம் சீம்பாலில்தான் போகும். ஆக, மாசியில் உங்கள் ஆடு ஈனும்போது, அந்தக் குட்டி முதல் மடக்கு குடிக்கிற சீம்பாலில் இந்த ஐப்பசி நோய்க்கான காவலும் சேர்ந்து இறங்கும். மூன்று, நாலு மாதம் அது குட்டியைக் காக்கும். பிறகு நாம் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

இதைச் சொல்வதால் செத்த ஐந்தும் திரும்பி வராது. எனக்கும் தெரியும். இருபத்தெட்டு வயசில் ஒரே ராத்திரியில் ஆறு குட்டியைத் துள்ளுமாரி நோய்க்குக் கொடுத்தவன் நான். முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லில் ஆசையாக மேயவிட்டேன். கொழுகொழு என்று இருந்த குட்டிகளாகப் பார்த்து அந்த நோய் எடுத்துக்கொண்டது. அதன் குணமே அப்படி, நோஞ்சானை விட்டுவிடும். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு, ஆட்டையே வித்துவிடலாம் என்று வியாபாரிக்கு ஆள் அனுப்பினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போலப் பட்டி வாசலில் போய் நின்றார்.

அம்மா ஆடுகளை எண்ண மாட்டார். எண்ணினால் கண் பட்டுவிடும் என்பார். அதற்குப் பதிலாகப் பெயர் சொல்வார். படலைப் பாதி திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக உள்ளே நுழையும்போது, "கருப்பி வந்தாச்சு, சுட்டி வந்தாச்சு, காதறுந்தவ வந்தாச்சு, சம்பங்கி எங்கடி உன் பொண்ணு, ஆ, வந்தாச்சு" என்று முனகிக்கொண்டே இருப்பார். முப்பது, நாற்பது ஆடு இருந்தாலும் ஒன்று விடாமல் சொல்லி முடித்து, படலைச் சாத்திக் கயிற்றைச் சுற்றிவிட்டு, "எல்லாம் வந்துருச்சு" என்பார். அன்றைக்கும் சொன்னார். செத்துப்போன ஆறு குட்டிகளுடைய தாய்களின் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்த நாலு தாய்களும் மடி கட்டி, கத்திக்கொண்டே உள்ளே வந்தன. அதன் பிறகு அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றின் மடியையும் கறந்து வலியைக் குறைத்துவிட்டார். வியாபாரி மறுநாள் வந்தபோது டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நன்றி என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்று வரி எழுதுங்கள் என்றெல்லாம் இப்போது சொல்கிறார்கள். செய்கிறவர்கள் செய்யட்டும், தப்பில்லை. ஆடு வைத்திருப்பவனுக்கு அந்த வேலையைப் பட்டி வாசல் செய்துவிடுகிறது. நீங்கள் பயந்துகொண்டு போவதாகச் சொன்ன அதே இடம். நீங்களும் பெயர் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு ஆட்டுக்குப் பெயர் வைக்க ஒரு ராத்திரி போதும், உங்கள் மனைவியிடம் விட்டால் அரை மணி நேரம்.

காலையில் போனதும் மருந்து, தழை என்று கையை ஓட்டாமல் ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். எது கடைசியாக எழுந்திருக்கிறது, எது கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது, எது அசை போடவில்லை, எதன் வால் தொங்குகிறது, எதன் புழுக்கை இளகியிருக்கிறது. வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பிடித்துக் கீழ் இமையைக் கட்டைவிரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளிறி, கழுவிய அரிசி மாதிரி இருந்தால் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற உருளைப்புழு ஏறிவிட்டது என்று அர்த்தம். தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி வீங்கினால் ரொம்பவே முற்றிவிட்டது. இதற்கென்று தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஐந்து நிறம் அச்சடித்த அட்டை ஒன்று கொண்டுவந்தார்கள். இமையை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறின ஆட்டுக்கு மட்டும் புழுமருந்து கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்துக்குப் பழகிய புழுதான் மிஞ்சும். பனி காயும் முன்னால் மேய விடாதீர்கள். ஈரப்புல்லில்தான் புழுவின் குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆடு இயல்பாகவே தலையைத் தூக்கித் தழை தின்கிற ஜாதி. அகத்தி, சவுண்டல், கிளுவை, வேலிமசால் என்று உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் புழுத் தொல்லை பாதி குறையும்.

இமையைப் பார்ப்பதற்கும் நிம்மதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து ரொம்பச் சம்பந்தம். பயம் பெரும்பாலும் மொத்தமாக வரும்: 'எல்லாம் செத்துப்போய்விடும்' என்று. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ஆட்டின் இமை சிவப்பாகத் தெரியும்போது, அந்த ஒரு ஆடு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்பது உறுதி. அப்புறம் அடுத்த ஆடு. பன்னிரண்டு முடிக்கும்போது நெஞ்சில் இருந்த கல் அப்படியே இருக்காது, பார்த்துச் சொல்லுங்கள்.

இனி விற்பது பற்றி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் கிடா விற்கிற அன்றைக்குக் கேட்பீர்கள். பெயர் வைத்து, இமை பார்த்து, தழை கொடுத்து வளர்த்ததை வெட்டுக்கு அனுப்பிவிட்டு எதற்கு நன்றி பேசுகிறோம் என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும், தோன்றாதவர்களிடம் நான் ஆடு வாங்க மாட்டேன். எங்கள் வீட்டு வழக்கம், விற்கிற ஆட்டின் கயிற்றைக் கொடுப்பதில்லை. வியாபாரி தன் கயிற்றோடு வருவார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்ததும், நான் எங்கள் கயிற்றை அவிழ்ப்பேன், அவர் அவருடையதைப் போடுவார். அந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவில், ஆட்டின் கழுத்தில் எதுவுமே இல்லாத ஒரு நொடி இருக்கும். ஆடு ஓடாது. என் கையை முகர்ந்துகொண்டு நிற்கும். முப்பது வருஷம் ஆகிறது, அந்த நொடி இன்னும் பழகவில்லை. கயிற்றைக் கொண்டுவந்து பட்டிக் காலில் மாட்டிவிடுவேன். அடுத்த குட்டிக்கு அதே கயிறு. என் மகள் நர்சிங் படித்த நாலு வருஷமும் கல்லூரிக்குக் கட்டியது அந்தக் காலில் மாட்டியிருந்த கயிறுகளின் கணக்குதான்.

கன்னிவாடிச் சந்தைக்கு ஒருநாள் வாங்காமல், விற்காமல் சும்மா போய் நின்று பாருங்கள். வயசான அம்மாக்கள் ஒற்றை ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பேத்தி சீர், பள்ளிக்கூடம் என்று ஆளுக்கு ஒரு காரணம். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு மட்டும் கிட்டத்தட்ட 99 லட்சம். அதில் பெரிய பங்கு இப்படி நாலும் ஐந்துமாக வீட்டுக் கொல்லையில் கட்டியிருப்பவைதான்.

பணக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு பேச்சு. "பத்து ஆடு, ஒரே வருஷத்தில் லட்சம்" என்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டை மூன்று ஈத்து ஈனும், ஈத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதில் சாவு, நோய், நாய் எல்லாவற்றையும் கழியுங்கள். முதல் வருஷத்தில் வருமானம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும், நிம்மதிக்கு அங்கே இடமே இருக்காது. உங்களில் ஒருவராவது இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வேறு வேலை பார்ப்பது நல்லது.

உங்கள் நிலம் பற்றி நீங்கள் குறைப்பட்டுக்கொண்டதையும் படித்தேன்: வெறும் கல்லும் புல்லும், மரம் என்றால் வேலாமரம்தான் என்று. அட, அது கொறங்காடு தம்பி, மேய்ச்சலுக்கென்றே வைத்திருக்கிற காடு! சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொளுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கயம், தாராபுரம் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாட்டையும் ஆட்டையும் வளர்த்தது அந்த மாதிரி நிலத்தில்தான். பங்கு பங்காகத் தடுத்து, ஒரு பங்கை மேயவிட்டு இன்னொன்றை ஓய விடுங்கள். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது வெள்வேலங்காய் உதிரும். காற்று அடித்தால் போதும், மேய்ந்துகொண்டிருக்கிற ஆடுகள் சட்டென்று தலையைத் தூக்கும். அடுத்த நொடி மொத்தப் பட்டியும் மரத்தடிக்கு ஓடும். எந்த மரம் முதலில் உதிர்க்கும் என்று கிழட்டு ஆடுகளுக்குத் தெரியும், காற்று வருவதற்கு முன்பே அங்கே போய்ப் படுத்திருக்கும். அந்த மரத்தில் ஒன்றைக்கூட வெட்டிவிடாதீர்கள்.

தை மாதம் வருகிறது. எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்போம். பட்டிக்குள் சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் ஊற்றி, பொங்கல் வைத்துப் படைத்து, கன்றுக்குட்டியை அதை மிதித்துப் போக விடுவோம். எல்லோரும் சேர்ந்து, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று கத்துவோம். கன்று இல்லாவிட்டால் குட்டியை விடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. நோவும் பிணியும் என்று கத்தும்போது இந்த வருஷம் உங்கள் குரல் மற்றவர்களை விடச் சத்தமாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த மாதம் உங்களுக்கு வேலை இருக்கிறது. செப்டம்பர் 20 வாக்கில் மூன்று பெட்டை கிடாவோடு சேர்ந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். பிப்ரவரி 17-ஐ ஒட்டி ஈனும். ஆட்டுக்கொல்லி வந்த சினை ஆடு குட்டியை வீசிவிடுவது சகஜம். உங்களுடையவை வீசவில்லை, இப்போது வயிறும் தெரிகிறது என்றால் நல்ல சேதி. தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசி ஒரு மாதம் தீவனத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். தனியாக ஒரு மூலையில் காய்ந்த வைக்கோல் போட்டு வையுங்கள், டிஞ்சர் அயோடின் ஒரு பாட்டில், பழைய வேட்டி ஒன்று. மடி இறுகி, வால் பக்கத்துச் சதை குழிந்து, ஆடு காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு ராத்திரி தூங்காதீர்கள். முன்னங்கால் குளம்பு இரண்டும், அதன் மேல் மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி. சும்மா இருங்கள், இழுக்க வேண்டாம். அரை மணி நேரம் முக்கியும் ஒன்றும் வெளியே வரவில்லை, அல்லது வாலோ ஒற்றைக் காலோ மட்டும் தெரிகிறது என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். குட்டி விழுந்து மூச்சு விடாமல் கிடந்தால் பயந்து நிற்காதீர்கள். மூக்கிலும் வாயிலும் இருக்கிற சளியை விரலால் வழித்து எடுத்துவிட்டு, வேட்டியால் விலாவைப் பரபரவென்று தேயுங்கள். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடையுங்கள். போன மார்கழியில் அந்தச் சம்பங்கி வழியில் வந்த ஆட்டுக்குப் பிறந்த ஒன்று, எந்த அசைவும் இல்லாமல் துணி மாதிரித்தான் கையில் கிடந்தது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, சரி போய்விட்டது என்று கீழே வைத்த பிறகு ஒரு தும்மல் போட்டது. இப்போது அதுதான் பட்டியில் முதலில் வெளியே ஓடுவது. அதற்குத் 'தும்மல்' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

தொப்புளில் அயோடின் தடவிவிட்டு, தாயை நக்க விடுங்கள். காம்பை இரண்டு பீச்சு பீச்சி அடைப்பை எடுத்துவிட்டு, அரை மணிக்குள் குட்டியின் வாயைக் காம்பில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு கிலோ குட்டி என்றால் முதல் நாளில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சீம்பால் போக வேண்டும், நாலைந்து தடவையாக. குடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வாலைப் பாருங்கள். பால் இறங்கினால் வால் படபடவென்று அடிக்கும்.

ஈன்றதும் என்ன குட்டி, எத்தனை என்று எழுதுங்கள். அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும், பெயர் வைக்க அவர் இப்போதே தயாராக இருக்கிறார்.